மரம் செதுக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரச்சிற்ப வேலை பழக வருகிறவர்களின் முதல் சிற்பங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், அவர்களின் வயதும் ஊரும் பிழைப்பும் மாறுகின்றன, தவறுகள் மட்டும் மாறுவதில்லை. பழகுகிற காலத்தில் நானும் செய்தவை என்பதால், அவை எந்த இடத்தில் வேலைக்குள் நுழைகின்றன, எப்போது வெளியே தெரிகின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மழுங்கிய உளி வழுக்கும், கொட்டாப்புளியை ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும் என்பன போன்றவற்றை முதல் வாரத்திலேயே கை தானாகக் கற்றுக்கொண்டுவிடும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. செய்கிறபோது தவறென்றே தெரியாமல் இருந்து, சில மாதங்கள் கழித்து மொத்த உழைப்பையும் பாழாக்குகிறவை சில உண்டு. அவற்றில் ஒன்று என்னை இன்றும் எரிச்சல்படுத்துவதால் அதை முதலில் வைத்து, விரிவாகவே சொல்கிறேன்.

காயாத உருளையில் முழு உருவம் செதுக்குவது

பழக வந்த ஓர் இளைஞர், சாலையோரத்தில் வெட்டப்பட்ட வேப்பமரத்தின் உருளை ஒன்றை ஒரு மரக்கடையில் வாங்கினார். “நல்லாக் காஞ்ச மரம் தம்பி” என்று கடைக்காரர் சொன்னதை அவர் நம்பினார். ஐப்பசி மழையில் தொடங்கிய பிள்ளையார் தை பிறந்த பிறகு முடிந்தது. தும்பிக்கையின் மடிப்புகளும் வயிற்றைச் சுற்றிய பாம்பின் செதில்களும் முதல் வேலை என்று யாரும் நம்ப முடியாத அளவுக்குத் திருத்தமாக வந்திருந்தன. பங்குனி வெயில் ஏறியபோது உச்சந்தலையில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அது நாளுக்கு நாள் இறங்கி, நெற்றியைக் கடந்து, இடது கண்ணின் ஓரமாகத் தும்பிக்கை வரை வந்து, கடைசியில் பென்சில் நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது. அந்த வேலையில் அவர் கை செய்த பிழை என்று எதுவும் இல்லை. முதல் நாளே பட்டறைக்குள் வந்திருக்கக் கூடாத மரத்தில் அவ்வளவு நாளும் உழைத்திருக்கிறார்.

இது ஏன் நடக்கிறது என்பதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், பிறகு எந்தக் கடைக்காரரின் சொல்லையும் நம்ப வேண்டிய தேவை இருக்காது. வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரு பகுதி மரத்தின் நுண்குழல்களுக்குள் தேங்கி நிற்கிறது, மற்றொரு பகுதி அந்தக் குழல்களின் சுவர்களிலேயே ஊறிக் கிடக்கிறது. காய்கிறபோது முதலில் குழல்களில் உள்ள நீர்தான் வெளியேறும். அது போகிற வரையில் மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு அநேகமாகக் குறையாது, விரிசலும் பெரிதாக வராது. மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது, மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். நம் வீடுகளின் காற்றுக்கு ஈடாக, ஊரையும் பருவத்தையும் பொறுத்து ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதத்தில் அது நிலைகொள்ளும் வரை சுருக்கம் தொடரும். தொடக்கநிலையினர் ஏமாறுவது இந்த முதல் கட்டத்தில்தான். மேற்பரப்பு தொட்டால் உலர்ந்திருக்கிறது, தூக்கினால் முன்பைவிட இலேசாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை, எனவே மரம் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் ஆபத்தான கட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருந்தால்கூட மரம் பிளக்காமல் சிறுத்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு சுருங்கினால், வளையங்களை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் பெரும்பாலான மரங்கள் ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்குகின்றன. சுற்றளவு அதிகமாகச் சுருங்க விரும்புகிறது. உள்ளே இருக்கும் மரம் அந்த அளவுக்குச் சுருங்காமல் தடுக்கிறது. இந்த இழுபறிக்கு ஒரே முடிவு, பட்டையிலிருந்து மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு பிளவு திறப்பதுதான். வளையங்களின் நடுப்புள்ளி கட்டைக்குள் இருக்கிற வரையில், எவ்வளவு பொறுமையாகக் காயவைத்தாலும் முழு உருளை பிளக்கவே முயலும். அதனால் கட்டை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் வெட்டுமுகத்தைத்தான். வளையங்களின் நடுப்புள்ளி அதில் தெரிந்தால், அந்தக் கட்டையை நடுவே பிளந்து, மையத்தை ஒட்டிய பகுதியைக் கழித்துவிட்டுப் பாதிக் கட்டையாகத்தான் பயன்படுத்த வேண்டும். வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் வில்போல வளைந்து கட்டையைக் கடந்து போனால், அது உருளையின் ஓரத்திலிருந்து எடுத்த துண்டு, நம்பி வாங்கலாம். எல்லா மரமும் ஒரே அளவு பிளப்பதில்லை என்பதும் உண்மை. தூங்குமூஞ்சி மரம் மிகக் குறைவாகவே சுருங்கும், அதனால் பச்சையாகச் செதுக்கினாலும் ஓரளவு தாங்கும். அந்தப் பெருந்தன்மையை வேம்பிடம் எதிர்பார்க்கக் கூடாது.

உலகெங்கும் பெரிய மரச்சிற்பங்களைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தார்கள். ஜெர்மனியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லிண்டன் மரத்தில் செதுக்கிய டில்மன் ரீமன்ஷ்னைடர் போன்றவர்களின் பெரிய உருவங்களைப் பின்பக்கமாகப் பார்த்தால், முதுகு முழுவதும் தொட்டிபோலக் குடையப்பட்டிருக்கும். மையத்தை எடுத்துவிட்டால் சுருங்குகிற மரத்துக்கு இடம் கிடைத்துவிடும், முன்முகம் தப்பித்துக்கொள்ளும். ஜப்பானில் சிற்பி ஜோச்சோ பல கட்டைகளை உள்ளே குடைந்து ஒன்றாகப் பொருத்தி உருவம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1053இல் அவர் செய்துமுடித்த அமிதாப புத்தர் கியோட்டோவை அடுத்த உஜி நகரில் பியோடோயின் கோவிலில் இன்றும் அமர்ந்திருக்கிறார். முதல் சிற்பத்தையே நடுமையத்தோடு கூடிய முழு உருளையில் செய்யத் துணிகிறவர்கள், அந்தப் பெரியவர்களே செய்யத் தயங்கியதைச் செய்கிறார்கள்.

காய்ந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி எடை பார்ப்பதுதான். கட்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் அதன்மேலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. பல வாரங்கள் அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால், கட்டையின் நுனியில் அல்லாமல் உள்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து உடனே எடை பாருங்கள். பிறகு அதை 100 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். 130 கிராம் இருந்த துண்டு 100 கிராமில் நின்றால் ஈரம் 30 சதவீதம் என்று பொருள். அந்தக் கட்டையில் அன்றைக்கு உளி வைக்கக் கூடாது.

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்ற பழைய கணக்கு பலகைகளுக்கு ஓரளவு பொருந்தும், நம் வெயில் ஊர்களில் அதைவிட விரைவாகவும் காயும். ஆனால் தடிமன் இரட்டிப்பானால் காயும் காலம் இரட்டிப்பைவிட மிக அதிகமாகும் என்பதால், ஆறு அங்குலக் கட்டை சில மாதங்களில் காய்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மொட்டைமாடி வெயிலில் போட்டு விரைவாகக் காயவைப்பது அடுத்த தவறு. வெளிப்பக்கம் வேகமாகச் சுருங்கும், உள்பக்கம் ஈரத்தோடு அப்படியே நிற்கும், கட்டை கண்முன்னே வெடிக்கும். நிழலில், தரையில் படாமல், அடியில் குச்சிகள் கொடுத்து, காற்றோட்டமாக அடுக்குவதே சரி. வெட்டுமுகங்கள் இரண்டிலும் ஈரம் மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும் என்பதால் அங்கே மெழுகோ பழைய பெயின்ட்டோ தடித்துப் பூச வேண்டும். கிராமத்தில் சாணத்தை அப்பிவைப்பதும் இதற்காகத்தான். மா போன்ற மரங்களின் வெளிறிய புறப்பகுதியை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அந்த மரத்தை வெட்டியவுடன் சில மாதங்கள் குளத்தில் ஊறப்போட்டால் வண்டுக்கு உணவாகிற மாவுச்சத்து குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளந்த சிற்பத்தை என்னிடம் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாமா என்பதுதான். மரம் முழுதாகக் காயும் முன் அடைக்கக் கூடாது. கோடையில் விரிசல் அகலமாக இருக்கும்போது கெட்டியாக அடைத்தால், மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி உப்பும். மூட வழியில்லாமல் அது அந்த அடைப்பை நசுக்கும், அடுத்த கோடையில் விரிசல் அடைப்பின் ஓரத்திலோ வேறோர் இடத்திலோ மீண்டும் திறக்கும். மரம் இரண்டு மழைக்காலத்தைக் கடந்து அடங்கிய பிறகு, அதே மரத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றை நாரோட்டம் ஒத்துப்போகும்படி சீவி வைத்து ஒட்டுவதுதான் சிற்பத்துக்கு நாம் செய்கிற மரியாதை.

பச்சை மரமே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஈரமான மரம் கைக்கு மிருதுவாக இருக்கும், கத்திக்கு இணங்கும். கரண்டி, அகப்பை போன்றவற்றைப் பச்சை மரத்தில்தான் செதுக்குகிறார்கள். அவை மெல்லியவை என்பதால் ஈரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வெளியேறிவிடும். காயும்வரை காத்திருக்க முடியாதவர்கள், நடுமையத்தை விலக்கிய பச்சை மரத்தில் கரண்டி செதுக்கிப் பழகலாம். கைக்கும் பழக்கமாகும், மரமும் வீணாகாது.

கருங்காலியில் தொடங்குவது

வேண்டாம். அது நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான, விலை மிகுந்த மரம், பழகாத கையில் உளியின் வாய் நொறுங்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பங்கள் வாகை, மா, வேம்பு போன்ற ஊர் மரங்களில் உருவானவை. நுண்ணிய, சீரான இழை கொண்ட வெப்பாலையோ மஞ்சக்கடம்போ கிடைத்தால் முதல் வேலைக்கு அதைவிட நல்ல மரம் தேட வேண்டியதில்லை.

நாரோட்டம் பாராமல் உருவம் வரைவது

காகிதத்தில் வரைந்த உருவத்தைக் கட்டையில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஒட்டிவிட்டுத் தொடங்குகிறவர்கள் பலர். மரத்தின் நார் ஒரு திசையில் ஓடுகிறது. அந்தத் திசையில் அதை இழுத்து அறுப்பது மிகக் கடினம், நார் குறுக்காக ஓடும் மெல்லிய துண்டைக் கையாலேயே ஒடித்துவிடலாம். முருகனின் வேல் நாரோட்டத்தோடு நீளவாக்கில் அமைந்தால் விரல் தடிமனிலும் நிற்கும். அதே கட்டையில் முன்னே நீட்டிய கை நாருக்குக் குறுக்காக அமைந்துவிட்டால், நகங்களைச் செதுக்குகிற கடைசி நாளில் மணிக்கட்டோடு கழன்று விழும். வரையும் முன்பே உருவத்தின் மெலிந்த, நீண்ட உறுப்புகள் எவை என்று எண்ணிப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவை நாரோட்டத்தோடு போகும்படி கட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மிச்சமிருப்பவற்றை உடலோடு ஒட்டியிருக்கும்படி வரையலாம், அல்லது தனியே சரியான திசையில் செதுக்கிப் பொருத்தலாம். கிருஷ்ணனின் புல்லாங்குழலைத் தனியே செய்து செருகுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

செதுக்குகிறபோதும் இதே கணக்குதான். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி உளி போனால் செதில் சுருண்டு வரும், பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் போனால் வாய் நாருக்கடியில் புகுந்து வேண்டாத மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். உளி இழுபடுவதாக உணர்ந்தவுடன் அழுத்தத்தைக் கூட்டாமல், நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்.

பெட்டி நிறைய உளி வாங்குவது

பன்னிரண்டு உளிகள் அடங்கிய மலிவான பெட்டியைவிட நல்ல உளிகள் நான்கு மேல். ஒரு பட்டை உளி, மேலோட்டமாக வளைந்த வாய் ஒன்று, ஆழமாக வளைந்த வாய் ஒன்று, கோடு கீற ஒரு கூர்முனை உளி ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். பழைய வண்டியின் வில்பட்டையிலிருந்து உளி அடித்துத் தரும் கொல்லர் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால் அவரிடம் செய்துகொள்வது இன்னும் நல்லது.

வாங்கியதற்குப் பிறகு நடக்கிற தவறு இன்னும் பெரியது. மின்சாணையில் வைத்துத் தீப்பொறி பறக்கத் தீட்டுகிறார்கள். இரும்பின் விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள், அதற்குப் பின் எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, நீலம் போகிற வரை தேய்த்துக் கழிக்கத்தான் வேண்டும். நீர் விட்ட சாணைக்கல்லில் கையால், 20 முதல் 25 டிகிரிச் சாய்வில் தீட்டி, பிறகு பலகையில் ஒட்டிய தோலில் பச்சைநிற மெருகுப்பசை தடவிப் பின்னோக்கி இழுத்தால் கூர் முழுமை பெறும். சரியாகத் தீட்டப்பட்டதா என்பதை மரமே காட்டிக்கொடுக்கும். ஒரு மெல்லிய மரத்தை நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டிய பரப்பு மெருகிட்டதுபோல் பளபளத்தால் கூர் சரியாக இருக்கிறது. அதில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடினால், உளியின் வாயில் அந்தந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொக்கை விழுந்திருக்கிறது. உளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே இடத்தில் ஒரு வெண்புள்ளி மின்னும்.

இடக்கையை உளிக்கு முன்னால் வைப்பது

கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பாதத்தால் பிடித்துக்கொண்டு செதுக்குகிற கள்ளக்குறிச்சிக் கைவினைஞர், சிறுவயது முதல் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்.

கண்ணிலும் மூக்கிலும் தொடங்குவது

முகம்தான் ஆசையைத் தூண்டுகிறது. அதனால் தலையும் தோளும் இன்னும் சதுரக்கட்டையாக இருக்கும்போதே கண்ணைத் திறந்துவிடுகிறார்கள். பிறகு தலை சற்றுப் பெரிதென்று தெரிகிறது, குறைக்க இடமில்லை, ஏனென்றால் குறைத்தால் செதுக்கிய மூக்கு போய்விடும். மரத்தில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், வேலை எப்போதும் மொத்த உருவத்திலிருந்து நுணுக்கத்துக்கு வர வேண்டும். கட்டையின் நான்கு பக்கங்களிலும் நடுக்கோடும், தலை, மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் மட்டக்கோடுகளும் போட்டுக்கொண்டு, பெரும் பரப்புகளை மட்டும் வெட்டி எடுத்து, தொலைவில் நின்று பார்த்தால் உருவத்தின் நிற்கும் நிலை புரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

நம் சிற்ப மரபில் இதற்குத் தாள அளவு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம்; ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது உருவத்தின் உயரத்தைப் பிரித்து வருகிற அலகு, டேப்பில் இருக்கிற அளவு அன்று. நவதாள உருவத்துக்கு 9 தாளம், அதாவது 108 அங்குலம். பிள்ளையாரைப் பஞ்சதாளத்தில், 5 தாளமாக அமைப்பார்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் இந்த அளவுகளை வரைந்து பழகிய பிறகுதான் உளிக்கு வருகிறார்கள். வீட்டில் பழகுகிறவர்களும் ஒரு காகிதப் பட்டையில் தாளங்களைக் குறித்துக் கட்டையின் அருகே வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக ஒன்று: முதல் வெட்டிலேயே நடுக்கோடு செதிலோடு போய்விடும். அதை ஒவ்வொரு முறையும் மீண்டும் வரைய வேண்டும். கோணிய முகங்களில் பெரும்பாலானவை இந்தக் கோட்டைத் திரும்ப வரையாததால் கோணியவை.

உப்புத்தாளுக்குப் பிறகு உளி

தேய்த்துவிட்டுப் பார்த்தால் ஓரிடம் சரியில்லை, மீண்டும் உளியை எடுக்கிறார்கள். உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த மணல்துகள்கள் மரத்தின் நுண்துளைகளில் பதிந்திருக்கும், தீட்டிய வாயை அவை சில வெட்டுகளிலேயே கெடுத்துவிடும். உளிவேலை முற்றிலும் முடிந்ததா என்று பக்கவாட்டில் விளக்கை வைத்து நிழல்களைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு உப்புத்தாளைத் தொடுங்கள். கூரான உளியின் தடத்தை அப்படியே விட்டுவிடுவது எனக்கு இன்னும் பிடித்தமானது. தேய்த்து மழுக்கிய முகத்தில் இல்லாத உயிர்ப்பு அதில் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் பூசுவது

வீட்டில் கைக்கெட்டும் எண்ணெய் அது என்பதால் பூசிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து கெட்டியாகும் வகை அன்று. அது பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடித்து, சிக்கு வாடையும் வீசத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து மெல்லிய படலமாக இறுகும். அதை மிகக் குறைவாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதும் துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சைப் பூச வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கக் கூடும். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் முக்கி வையுங்கள். சிற்பத்தின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெட்டுமுகமாக இருக்கும், ஈரத்தை வேகமாக உறிஞ்சுவதும் அதுவே. கண்ணில் படாத பக்கம் என்று விட்டுவிடாமல், முகத்துக்குப் பூசியதைவிட ஒரு பூச்சு கூடுதலாக அதற்குப் பூசுங்கள்.